ஆண்ட்ரூ சூறாவளியில் உயிர்தப்பியவர்கள் சொல்வதும், இடிந்த வீடுகள் சொன்னதும்

1992இல் தெற்கு புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளியின்போது அங்கே குடியிருந்தவர்கள் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறார்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் அவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது கேள்வி. மியாமிக்குத் தெற்கே உள்ள குடியிருப்புகளில் கூரைகளையும் சன்னல்களையும் ஆய்வு செய்வது என் தொழில். அங்கே பழைய வீடு ஒன்றின் கூரைப் பரணில் ஏறி இறங்கினால் போதும், வீட்டுக்காரரின் பேச்சு தானாகவே ஆண்ட்ரூவுக்கு வந்துவிடும். அப்படிக் கேட்டவற்றைச் சூறாவளிக்குப் பின் நடந்த ஆய்வுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வந்ததில், உடம்பால் உணர்ந்ததை மக்கள் பெரும்பாலும் பிசகாமல் சொல்கிறார்கள் என்பதே என் முடிவு. நேரக் கணக்கிலும் சாவுக் கணக்கிலும்தான் பிசகு நேர்கிறது. அதைவிட முக்கியமாக, சொல்பவர் அன்று எந்தத் தெருவில் இருந்தார் என்று தெரியாமல் அவருடைய அனுபவத்திலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 17ஆம் தேதி அட்லாண்டிக் கடலில் பெயர் சூட்டப்பட்ட ஆண்ட்ரூ, 20ஆம் தேதி வாக்கில் கலைந்துபோய்விடும் என்று நினைக்கும் அளவுக்கு வலுவிழந்திருந்தது. 22ஆம் தேதி சூறாவளியானது. 23ஆம் தேதி பஹாமாஸ் தீவுகளை உச்ச வலுவோடு தாக்கியது. 24ஆம் தேதி திங்கட்கிழமை விடிவதற்கு முன், ஐந்து மணி வாக்கில், ஹோம்ஸ்டெட் நகருக்குக் கிழக்கே கரையேறியது. மையத்தில் காற்றழுத்தம் 922 மில்லிபார். நீடித்த காற்றின் வேகம் மணிக்கு 145 மைல் என்று முதலில் கணித்திருந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2002இல், தரவுகளை மறுபடி ஆராய்ந்து அதை 165 மைலாக, அதாவது ஏறத்தாழ 265 கிலோமீட்டராகத் திருத்தி, சூறாவளி வகைகளிலேயே உச்சமான ஐந்தாம் வகை என்று அறிவித்தார்கள். அந்தத் திருத்தத்தைக் கேட்டு, மியாமி அடங்கிய டேட் கவுண்டியின் (இன்றைய மியாமி-டேட் மாவட்டம்) தெற்குப் பகுதியில் வாழும் பழைய குடிகள் யாரும் வியப்படைந்ததாகத் தெரியவில்லை. தாங்கள் அனுபவித்தது நான்காம் வகை என்று சொன்னபோதே அவர்கள் நம்பவில்லை.

அந்த வார இறுதியைப் பற்றி அவர்கள் சொல்லும்போது திரும்பத் திரும்ப வருவது, எல்லாம் எவ்வளவு திடீரென்று நடந்தது என்பதுதான். மியாமியைப் பெரிய சூறாவளி எதுவும் கடைசியாகத் தாக்கியது 1965இல், பெட்ஸி வந்தபோது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அங்கே குடியேறியவர்களுக்கும் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் சூறாவளி என்பது தொலைக்காட்சி வரைபடத்தில் வந்து திரும்பிப் போகும் ஒரு குறி மட்டுமே. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்து வீடு திரும்பியவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளக்கூட இல்லை. சனிக்கிழமை முன்னெச்சரிக்கை, ஞாயிறு காலை எச்சரிக்கை, அன்று பகல் முழுவதும் தண்ணீருக்கும் பேட்டரிக்கும் பிளைவுட் பலகைக்கும் நீண்ட வரிசை. பலகை கிடைக்காதவர்கள் சன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார்கள். அந்த டேப்பால் ஒரு பயனும் இல்லை என்பது அன்றைக்குப் பலருக்குத் தெரியாது.

இன்னொரு நினைவு உண்டு. அதைச் சொல்லும்போது பலருக்குக் குரல் தழுதழுத்துவிடும். கடல் பெருக்கெடுக்கும் என்று அஞ்சி, மியாமி பீச் போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து மக்களை வெளியேறச் சொன்னார்கள். வெளியேறியவர்களில் பலர், உள்ளே தள்ளி இருக்கிறதே, பத்திரமாக இருக்கும் என்று எண்ணி, கெண்டலிலும் கன்ட்ரி வாக்கிலும் ஹோம்ஸ்டெட்டிலும் இருந்த உறவினர் வீடுகளுக்குக் குழந்தைகளோடு போய்ச் சேர்ந்தார்கள். சூறாவளியின் மையம் தெற்கே நழுவியது. அவர்கள் விட்டுவந்த கடலோர அடுக்குமாடிகள் பெரிய சேதமின்றி நின்றன; அவர்கள் தஞ்சம் புகுந்த வீடுகளின் கூரைகள் பறந்தன. சொல்லப்பட்ட அறிவுரையின்படி நடந்தும் இப்படி ஆயிற்றே என்ற வேதனையைப் பெற்றோர்கள் நெடுங்காலம் சுமந்தார்கள். அவர்கள் மீது எந்தப் பிழையும் இல்லை. வெளியேற்ற ஆணை தண்ணீரிலிருந்து காப்பாற்றத்தான். பிஸ்கேன் விரிகுடாக் கரையில் ஓரிடத்தில் கடல்நீர் ஏறத்தாழ 17 அடி உயரத்துக்கு ஏறியது என்பதால் அந்த ஆணையும் சரியானதே. காற்றைத் தாங்காத வீடுகளில் போய்ச் சிக்குவார்கள் என்பதைத்தான் யாரும் எண்ணிப்பார்க்கவில்லை.

இனி அந்த இரவு. மின்சாரம் போனபின் மக்களுக்கு இருந்த ஒரே துணை பேட்டரி ரேடியோ. பிரையன் நார்கிராஸ் என்ற தொலைக்காட்சி வானிலையாளர் 23 மணி நேரம் தொடர்ந்து ஒளிபரப்பில் இருந்தார். அவருடைய குரல் வானொலியிலும் கேட்டது. வீட்டின் நடுவிலுள்ள சன்னல் இல்லாத சிறிய அறைக்குள் போங்கள், குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து மேலே ஒரு மெத்தையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு உயிர்தப்பியதாகச் சொல்பவர்கள் இன்றும் ஏராளம். அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

கட்லர் ரிட்ஜ் பகுதியில் ஒரு மூதாட்டி என்னைத் தம் வீட்டுக் குளியலறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். ஐந்தடிக்கு எட்டடி இருக்கும். குளியல்தொட்டிக்குள் இரண்டு பிள்ளைகளும் பாட்டியும். அவர்கள் மேல் படுக்கையறை மெத்தை. தொட்டியின் விளிம்பில் இவர். கழிப்பறைப் பீங்கானில் முதுகைச் சாய்த்து, இரு கால்களாலும் கதவை உதைத்துப் பிடித்தபடி கணவர். கதவு உள்நோக்கி வளைந்து, பிறகு வெளியே இழுபட்டு, மீண்டும் உள்ளே தள்ளப்பட்டது. மூச்சு விடுவது போல என்றார் அவர். மேலே உத்தரத்திலிருந்து ஆணிகள் கிரீச்சிட்டுக் கழல்வது ஒவ்வொன்றாகக் கேட்டது. அதன்பின் ஜிப்சம் பலகைக் கூரைத்தளம் ஈரத்தில் ஊறித் தொங்கி, பிய்ந்து மெத்தை மேல் விழுந்தது. அதோடு சேர்ந்து வெப்பத்தடைக்காக வைத்திருந்த இளஞ்சிவப்புக் கண்ணாடியிழைப் பஞ்சும் கொட்டியது. பிள்ளைகளின் உடம்பெல்லாம் பல நாள் அரித்துக்கொண்டே இருந்ததாம்.

இதில் ஒரு சொல்லைக்கூட மிகை என்று தள்ள என்னால் முடியாது. கதவு உள்ளும் புறமும் வளைந்ததற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. காற்று எதிர்ப்படும் பக்கத்தில் ஒரு சன்னலோ வாகனக் கொட்டிலின் அகலமான கதவோ உடைந்தவுடன், அந்தத் திறப்பு வழியே புகும் காற்று வீட்டின் உள் அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்துகிறது. கூரைக்கு மேலே ஓடும் காற்று ஏற்கெனவே அதை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும்போது, கீழிருந்தும் ஒரு தள்ளல் சேர்கிறது. இரண்டும் கூடித்தான் கூரை பெயர்கிறது. காற்று சீராக வீசாமல் அலைஅலையாக மோதுவதால் உள் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அறைக் கதவு அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆணி கழலும் ஓசையும் கூரை மேலே இழுபடுவதால் எழுவதுதான்.

காது அடைத்தது, வலித்தது, திடீரென்று திறந்துகொண்டது என்று ஏறக்குறைய எல்லோருமே சொல்கிறார்கள். சூறாவளி மையத்தின் தாழ்வழுத்தம்தான் காரணம் என்று விளக்கம் சொல்லப்படுவது வழக்கம். அது பாதி உண்மையே. 922 மில்லிபார் என்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அழுத்தம். ஆனால் அந்த வீழ்ச்சி பல மணி நேரத்தில் மெல்ல நிகழ்வதால் காது தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். சட்டென்று வலிக்கச் செய்வது வீடு உடைபடும் கணத்தில் உண்டாகும் அழுத்த மாற்றம். மணிக்கு 165 மைல் காற்று நேராக மோதும்போது ஏற்படுத்தும் அழுத்தம் 30 மில்லிபாரைத் தாண்டும். ஒரு சன்னல் உடைந்தால் அதில் பெரும்பகுதி சில நொடிகளுக்குள் வீட்டினுள் வந்துவிடும். “காது அடைத்தது, அடுத்த நிமிடம் கூரை போய்விட்டது” என்று அவர்கள் வரிசைப்படுத்திச் சொல்வது இயற்பியலோடு அப்படியே பொருந்துகிறது. அழுத்தத்தைச் சமன்செய்யச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

ஓசையைப் பற்றிக் கேட்டால், தலைக்கு மேல் சரக்கு ரயில் ஓடியது போல இருந்தது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். இன்னும் நுட்பமாகச் சொல்பவர்களும் உண்டு. அடித்தொண்டையில் உறுமும் ஒரு தொடர் ஒலி, அதன் மேல் அவ்வப்போது எழும் ஒரு கீச்சொலி, நடுவே பக்கத்து வீட்டு ஓடுகள் சுவரில் மோதிச் சிதறும் சத்தம். ஓடுகள் உண்மையிலேயே எறிபடைகளாயின. ஒரு வீட்டின் கூரையிலிருந்து பெயர்ந்த ஓடும் மரச்சட்டமும் அடுத்த வீட்டின் சன்னலை உடைத்தன. அந்த வீட்டுக் கூரை அதற்கடுத்த வீட்டை உடைத்தது. இன்று மியாமி-டேட் பகுதியில் விற்கப்படும் சன்னலும் அடைப்பும் தேர்ச்சிபெற வேண்டுமானால், 9 பவுண்டு எடையுள்ள மரச்சட்டம் ஒன்றை நொடிக்கு 50 அடி வேகத்தில் அதன்மீது எய்து பார்க்கிறார்கள். இந்தச் சோதனை பிறந்தது அந்த இரவிலிருந்துதான்.

விடிந்தபின் மக்கள் கண்டதிலும் இப்படியே. “எங்கள் கூரைப் பலகை முழுசாகத் தெருவில் கிடந்தது, அதில் ஒரு வரிசை ஊசிகள் எந்த மரத்தையும் தொட்ட அடையாளமே இல்லை” என்று அன்று ஒரு வீட்டுக்காரர் சொல்லியிருந்தால், பாமரர் ஏதோ சொல்கிறார் என்று ஒதுக்கியிருப்பார்கள். பொறியாளர்கள் வந்து பார்த்தபோது அதுவே உறுதியானது. கூரைப் பலகையை உத்தரத்தோடு பிணைக்க ஆணிக்குப் பதிலாக ஸ்டேப்ளர் ஊசிகளை அடித்திருந்தார்கள். அவற்றில் பல உத்தரத்தின் மேல் படாமல் வெற்றிடத்தில் இறங்கியிருந்தன. முக்கோண முகப்புச் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்கப்படவில்லை. 1970களிலும் 80களிலும் அவசரமாகக் கட்டப்பட்ட குடியிருப்புகள் நொறுங்கிக் கிடக்க, அவற்றுக்கு அருகிலேயே பழைய வீடுகள் ஓடுகளை மட்டும் இழந்து நின்றதை மக்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். டேட் கவுண்டியில் நடுவர் குழு விசாரணை நடந்தது; கட்டட விதிகள் 1994இல் திருத்தப்பட்டன; 2002இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்பு வந்தது. குடியிருந்தவர்களின் ஆத்திரமும் சாட்சியமும் இல்லாமல் இது இவ்வளவு விரைவாக நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நினைவு எங்கே வழுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் காற்று அடித்தது என்பார்கள். ஆண்ட்ரூ அளவில் சிறியது, வேகமாக நகர்ந்தது. மையத்தைச் சுற்றியுள்ள அதன் உக்கிரமான வளையம் ஓரிடத்தைக் கடக்க ஒரு சில மணி நேரமே ஆயிற்று. இருட்டில் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அது அப்படித் தோன்றவில்லை என்றால் அதில் வியப்பில்லை. எங்கள் தெருவில் டொர்னாடோ எனும் சுழற்காற்று இறங்கியது என்றும் பலர் உறுதியாகச் சொல்வார்கள். டொர்னாடோ ஆய்வில் பெயர்பெற்ற தெட்சுயா புஜிடா சேதத்தைப் பார்வையிட்டபின், சூறாவளியின் உள்வளையத்துக்குள் குறுகிய சுழல்கள் தோன்றி, அவை கடந்த கோட்டில் மட்டும் காற்றின் வேகம் மிகுந்திருக்க வேண்டும் என்று கருதினார். ஒரு வீடு தரைமட்டமாகி, அடுத்த வீடு தப்பியதற்கு அது ஒரு விளக்கம்; மோசமான கட்டுமானம் இன்னொரு விளக்கம். மக்கள் பெயரைத்தான் தவறாகச் சொன்னார்கள். பார்த்ததைச் சரியாகவே பார்த்திருந்தார்கள்.

சூறாவளிக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றிய நினைவுகள், அந்த இரவைப் பற்றியவற்றைவிட நீளமானவை, கசப்பானவை. புளோரிடாவில் பல்லாயிரம் வீடுகள் அழிந்தன. இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் சேதமடைந்தன. 14 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. தெருப்பெயர்ப் பலகையும் மரமும் கடையும் மறைந்துவிட்டதால், இருபது ஆண்டுகள் குடியிருந்தவர்களுக்கே தங்கள் தெரு எங்கே திரும்புகிறது என்று தெரியவில்லை. மிஞ்சிய சுவரில் பெயிண்ட்டால் வீட்டு எண்ணையும், காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும், பாலிசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்கள். மதிப்பீட்டாளர் வந்தால் வீட்டைக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி. அதே சுவரில், திருட வந்தால் சுடுவோம் என்ற எச்சரிக்கையும் இருக்கும். ஆகஸ்ட் மாத வெயில், நிழலுக்கு ஓர் இலைகூட இல்லை, பிற்பகல் மழை கூரையில்லாத வீட்டுக்குள் நேராகப் பெய்தது. காற்றுக்குத் தப்பிய புகைப்பட ஆல்பங்களும் துணிமணியும் அந்த மழையில்தான் பாழாயின. ஐஸ் கட்டிக்கு வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். அடுத்த தெருவில் ஓடிய ஜெனரேட்டரின் சத்தம் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது என்று சொன்னவர்கள் உண்டு.

அரசின் உதவி வரத் தாமதமானதை யாரும் மறக்கவில்லை. கவுண்டியின் அவசரகால மேலாண்மை இயக்குநர் கேட் ஹேல், மூன்று நாள் கழித்துச் செய்தியாளர்கள் முன் நின்று, எங்களைக் காப்பாற்ற வர வேண்டிய படை எங்கே என்று வெளிப்படையாகக் கேட்டார். அதன் பிறகே ஆயிரக்கணக்கான ராணுவத்தினர் வந்து இறங்கிக் கூடார நகரங்களை அமைத்தார்கள். ஹெலிகாப்டர் ஓசை கேட்டபோதுதான் அழுகை வந்தது, அதுவரை அழவில்லை என்று சொன்ன ஆண்கள் பலர்.

இந்த நினைவுகளில் யாருடைய குரல் குறைவாகக் கேட்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஹோம்ஸ்டெட்டைச் சுற்றிலும் விளைநிலங்கள். தக்காளியும் பீன்ஸும் பறிக்க வரும் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைட்டி நாட்டுத் தொழிலாளர்கள் முகாம்களிலும் நகர்த்தக்கூடிய தகர வீடுகளிலும் தங்கியிருந்தார்கள். ஹோம்ஸ்டெட் நகரில் மட்டும் அப்படிப்பட்ட 1,176 வீடுகளில் 1,167 முற்றாக அழிந்தன. காப்பீடு இல்லை, பத்திரம் இல்லை, சிலருக்குக் குடியுரிமைத் தாளும் இல்லை. உதவி வரிசையில் நின்றால் பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற அச்சம் வேறு. ஆங்கிலத்தில் வந்த அறிவிப்புகள் ஸ்பானிய மொழியிலும் ஹைட்டியக் கிரியோலிலும் அவர்களை எட்டத் தாமதமானது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் செத்தார்கள், உடல்களைக் குளிர்பதன லாரிகளில் ஏற்றி மறைத்துவிட்டார்கள் என்ற பேச்சு அப்போது பரவியது. இன்றும் அதை அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. புளோரிடாவில் பதிவான சாவுகள் 44. அவற்றில் சூறாவளியால் நேரடியாக நிகழ்ந்தவை 15. ஆனாலும் அந்த வதந்தியை வெறும் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உயிரோடு இருந்தபோதே தங்களை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை என்று கண்டவர்கள், செத்தவர்களையும் சரியாக எண்ணியிருப்பார்கள் என்று எப்படி நம்புவார்கள்?

கடைசியாக, நான் மிகவும் கவலைப்படும் ஒன்று. “நான் ஆண்ட்ரூவையே பார்த்தவன், ஐந்தாம் வகைச் சூறாவளியில் வீட்டிலேயே இருந்து தப்பியவன்” என்று சொல்பவர்களை மியாமியெங்கும் காணலாம். அவர்களில் பெரும்பாலோர் அன்று நகரின் வடபகுதியிலோ, அதற்கும் வடக்கே உள்ள பிராவர்ட் கவுண்டியிலோ இருந்தவர்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. மரங்கள் விழுந்தன, மின்சாரம் போனது, பயந்தார்கள். ஆனால் ஆண்ட்ரூவின் அழிவுக் காற்று கெண்டல் டிரைவ் என்ற சாலைக்குத் தெற்கே ஒரு குறுகிய பட்டையில்தான் உச்சத்தில் வீசியது. அதற்கு வடக்கே சில மைல் போனாலே வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கோரல் கேபிள்ஸில் இருந்த தேசியச் சூறாவளி மையத்தின் கூரையிலிருந்த ரேடாரே பறந்துபோனது. அந்த இடம்கூட அந்தச் சாலைக்கு வடக்கேதான் இருந்தது. ஓரத்தில் நின்று பார்த்ததை நடுவில் நின்று பார்த்ததாக நினைத்துக்கொள்பவர், அடுத்த முறை வெளியேறச் சொன்னால் வெளியேற மாட்டார். 2017இல் இர்மா சூறாவளி நெருங்கியபோது, நாரான்ஹாவிலும் ஹோம்ஸ்டெட்டிலும் ஆண்ட்ரூவைக் கண்ட குடும்பங்கள் ஆணைக்குக்கூடக் காத்திராமல் மூட்டை கட்டியதையும், வடக்கே இருந்த சிலர் ஆண்ட்ரூவைச் சாக்குச் சொல்லி நகர மறுத்ததையும் பார்த்தேன். ஆகவே ஆண்ட்ரூவைக் கண்டவர் என்று ஒருவர் பேசத் தொடங்கினால், அன்று இரவு எந்தத் தெருவில் இருந்தீர்கள், கூரை நின்றதா, போனதா என்று முதலில் கேளுங்கள். அந்த இரண்டு பதில்களும் தெரிந்தால், மீதி எல்லாவற்றையும் அவர் சொல்கிறபடியே எடுத்துக்கொள்ளலாம்.